கை மிஷினில் ஒரு விக்டோரியா காலத்துக் கவுன்: காரைக்குடியில் வாங்கிய பழைய சிங்கர்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 6,000 ரூபாய். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய சிங்கர் கை மிஷின், அதாவது சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கும் தையல் மிஷின், மர மூடியோடு. 8,500இல் ஆரம்பித்த பேரம், மூன்று தடவை போய்வந்த பிறகு 6,000இல் முடிந்தது. அந்த மிஷினில் நான் தைத்த விக்டோரியா காலத்துக் கவுனைப் போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் நடந்த பாரம்பரிய விழாவில் காட்சிக்கு வைத்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் கவுனைப் பற்றிக் கேட்டார்கள். மீதிப் பேர் மிஷின் எங்கே கிடைத்தது, இன்னும் தைக்கிறதா, நாங்களும் வாங்கலாமா என்று கேட்டார்கள். நின்றபடியே அத்தனை பேருக்கும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவள். கால் மிஷினில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் கை மிஷினை ஒழுங்காகப் பிடித்துத் தைத்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

அதற்குக் காரணம் முந்தின வருடம் வேறொரு விழாவில் பார்த்தது. ‘ராணி காலத்து உடை’ என்று மூன்று பெண் பிள்ளைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த உடைகள். பளபளவென்று சாட்டின், நைலான் லேஸ், முதுகில் நீளமாக ஒரு ஜிப். துணியில் ஜிப் வைக்கும் வழக்கமே 20ஆம் நூற்றாண்டில் வந்தது. விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837, இறந்தது 1901 ஜனவரி. அந்தக் காலம் முழுவதும் கொக்கி, பொத்தான், நாடா இவைதான். அந்தப் பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு காலத்து உடையைக் காட்டுகிறோம் என்றால் அதைத் தைத்த கைகளையும் காட்ட வேண்டாமா? அந்தக் கைகளில் நம்மவர்களின் கைகளும் உண்டு. மதராசில் துரைமார் வீட்டு வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்து, துரைசானி கொடுத்த ஒரு பழைய கவுனை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, அச்சு அசலாக இன்னொன்றைத் தைத்துக் கொடுத்த தையல்காரர்கள் அவர்கள்.

கானாடுகாத்தான் விழாக்காரர்கள் கேட்டபோது, பருத்தித் துணியில் தைக்கிறேன், கை மிஷினில் தைக்கிறேன், மிஷினையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். சரி என்றார்கள். அப்புறம்தான் மிஷினைத் தேடிப் போனேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகாதவர்களுக்கு: பிரித்துப் போட்ட செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் வந்து சேருகிற தெரு அது. தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி, பெல்ஜியம் கண்ணாடி, சேலைக்கு ஜிகினா ஒட்டிய ரவிவர்மா படம், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். நான் வாங்கிய கடையில் நான்கு தையல் மிஷின்கள் இருந்தன. இரண்டு வெறும் அலங்காரச் சாமான். உள்ளே துருப்பிடித்துச் சக்கரம் அசையவே இல்லை. ஓட்டல்காரர்கள் வரவேற்பறையில் வைக்க அவற்றை வாங்கிப் போகிறார்களாம். மூன்றாவது கால் மிஷின். நான்காவதுதான் என்னுடையது.

“இது விக்டோரியா ராணி காலத்து மிஷின் டீச்சர், 150 வருஷம் ஆச்சு” என்றார் கடைக்கார பாய்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடித்தட்டில் இருந்த எண்ணைப் பார்த்தேன். சிங்கர் மிஷின்களில் 1900க்கு முன்பு செய்தவற்றில் வெறும் எண்தான் இருக்கும். அதற்குப் பிறகு எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து வரும். இதில் எழுத்து இருந்தது.

“பாய், இது ராணி போன சமயத்துல வந்ததா இருக்கணும், இல்ல அதுக்கும் பின்னால” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர். வெலையில பாத்துக்கலாம்” என்றார்.

அந்த ஒரு விவரத்துக்கு 1,000 ரூபாய் குறைந்தது. நீங்கள் போனாலும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆனால் மிஷினின் வடிவம் விக்டோரியா காலத்ததுதான். அடி நூலைச் சுமக்கும், தோட்டா மாதிரி நீண்ட ஷட்டில் ஒன்று அடியில் முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடும் இந்த வகை 1880களில் வந்தது. விழாவிலும் இதை அப்படியே எழுதி வைத்தோம்: வடிவம் ராணி காலத்தது, இந்த மிஷின் அதற்குச் சற்றுப் பிந்தியது.

கடையில் எனக்குப் பிடித்தது, காசு கொடுப்பதற்கு முன்பே தைத்துப் பார்க்கவிட்டார் பாய். கையோடு ஊசி, நூல், இரண்டு துண்டு காடாத் துணி கொண்டுபோயிருந்தேன். ஸ்டூல் போட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, டீயும் வரவழைத்துக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடிக்காதது இரண்டு. ரசீது கேட்டதற்குக் கடைசி வரை தரவில்லை. ‘எல்லாம் முழுசா இருக்கு’ என்று சொல்லிக் கொடுத்த மிஷினில் ஷட்டிலை மூடும் நகரும் தகடு இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் கவனித்தேன். தகடு இல்லாமலும் தைக்கும், ஆனால் துணி அந்த இடைவெளியில் சிக்கும். திரும்பப் போய்ச் சொன்னபோது தேடிப் பார்க்கிறேன் என்றார். மூன்று வாரம் கழித்து இன்னொரு உடைந்த மிஷினிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அதற்குத் தனியாக 300 ரூபாய். அந்தக் காசை அவர் வாங்கியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

வாங்கப் போகிறவர்கள் மற்ற எதையும்விட ஷட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குள் போகிற பாபின் நம் சாதாரண மிஷின் பாபின் மாதிரி வட்டமாக இருக்காது. நெசவு நாடாவுக்குள் வைக்கும் தார் போல ஒல்லியாக, நீளமாக இருக்கும். அது தொலைந்திருந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிப் போட முடியாது. ஊசிக்குக் கவலை வேண்டாம். இந்த வகையைச் சேர்ந்த சிங்கரின் 27, 28 வரிசை மிஷின்கள், இன்றைக்கு வீட்டு மிஷின்களுக்குப் போடும் அதே ஊசியைத்தான் எடுக்கும். பெட்டிக்கடையில் வாங்கிய 14ஆம் நம்பர் ஊசி எனக்குப் பொருந்தியது, தடித்த இடங்களுக்கு 16. வேறு கம்பெனிப் பழைய மிஷின்களில் இப்படி நடக்குமென்று சொல்ல முடியாது, ஊசியைப் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள். தங்கக் கோட்டு வேலை தேய்ந்திருந்தால் பரவாயில்லை. சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் விடுகிறதா என்று கையால் உணர்ந்து பாருங்கள்.

என்னுடையது முழுச் சுற்றுக்கும் இறுகியிருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காய்ந்து பிசின் மாதிரி எல்லா மூட்டிலும் ஒட்டிக்கிடந்தது. தையல் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள் என்று 31 வருடம் வகுப்பில் சொன்னவள் நான். மண்ணெண்ணெய் இப்போது கிடைப்பது கஷ்டம். தெரிந்த பட்டறையில் அரை லிட்டர் வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நான்கு நாள் ஊறவிட்டு ஊறவிட்டுத் தேய்த்தேன். தங்கக் கோடு இருக்கிற பக்கம் மண்ணெண்ணெய் படக்கூடாது, அது போய்விடும். ஐந்தாம் நாள் மிஷின் எண்ணெய் விட்டுச் சுற்றினேன். ஒரு விரலால் சுற்றினாலே போதும் என்கிற அளவுக்கு இளகியது. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மோட்டார் மிஷின் மாதிரி இரைச்சல் கிடையாது, ‘டக் டக்’ என்று தறிச் சத்தத்துக்குத் தம்பி மாதிரி.

இப்போது கவுனுக்கு வருகிறேன். 1860ஐ ஒட்டிய உடையாக எடுத்துக்கொண்டேன். பாவாடை மிகவும் அகலமாக இருந்த வருடங்கள் அவை. துணி என்ன என்பதில்தான் நான் அதிக நாள் யோசித்தேன். கடைசியில் காரைக்குடிக் கண்டாங்கியே எடுத்தேன். செங்கல் சிவப்பில் கறுப்புக் கட்டம், அகலமான கரை. ஒரு சேலை 1,100 ரூபாய், இரண்டு சேலை.

இதைக் கேட்டதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ராணி காலத்து உடைக்குக் கண்டாங்கியா என்று. ஆனால் கட்டம் போட்ட துணி அந்தக் காலத்தில் பெரிய நாகரிகம். ராணியின் கணவர் ஆல்பர்ட் 1852இல் ஸ்காட்லாந்தில் பால்மோரல் பண்ணையை வாங்கினார். அரச குடும்பமே ஸ்காட்லாந்துக் கட்டத் துணிக்கு மாறியது, பிறகு ஊரெல்லாம் அதுதான். அதோடு, பாவாடையின் அடியில் வரும்படி கரையைத் துணியிலேயே நெய்து அல்லது அச்சிட்டு விற்பதும் 1850களில் நடந்தது. கரையோடு பிறந்த துணி நம்மிடம் இருக்கும்போது நான் ஏன் வேறு தேட வேண்டும்? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி. விழா நடக்கிற மண்ணின் துணி.

சேலையைப் படுக்கை வசமாகத் திருப்பிவிட்டேன். ஐந்தரை மீட்டர் நீளம் பாவாடையின் சுற்றளவு ஆகிவிட்டது, அதாவது 216 அங்குலம். சேலையின் அகலம் பாவாடையின் உயரம். கரை தானாக அடியில் போய் நின்றது. மொத்தப் பாவாடைக்கும் பின்பக்கம் ஒரே ஒரு நேர்த் தையல். முந்தானையை அந்தத் தையலுக்குப் பக்கத்தில் உள்மடிப்பில் ஒளித்துவிட்டேன். வெட்டவே இல்லை. நாளைக்கே தையலைப் பிரித்தால் அது மறுபடியும் சேலை.

ஆனால் 216 அங்குலத்தை 28 அங்குல இடுப்புக்குள் அடக்க வேண்டுமே. சாதாரணமாகச் சுருக்கு வைத்தால் கண்டாங்கி மாதிரித் தடித்த துணி இடுப்பில் மூட்டை கட்டியது போல நிற்கும். அந்தக் காலத்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். துணியின் மேல் விளிம்பை உள்ளே மடித்து, கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசை ஓட்டுத் தையல், ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக. மூன்று நூலையும் சேர்த்து இழுத்தால் துணி ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து நெட்டுக்குத்தாக நிற்கும். ஒவ்வொரு மடிப்பின் முகட்டையும் தனித்தனியாக இடுப்புப் பட்டியோடு கையால் பிடித்துத் தைக்க வேண்டும். கண்டாங்கியின் கட்டம் எனக்குக் கோடு போட்ட நோட்டு மாதிரி உதவியது. அளந்து புள்ளி வைக்க வேண்டியதே இல்லை. கட்டத்துக்கு ஒரு தையல் என்று எண்ணிக்கொண்டே போனேன். இந்த வேலைக்கு மிஷின் உதவாது. ஒன்பது நாள் ஆனது, விரல் நுனி ஓட்டையானது. இழுத்துக் கட்டி முடித்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபோது இடுப்பிலிருந்து அது குடை விரிவது போல் இறங்கியதே, அதைப் பார்க்க இன்னொரு ஒன்பது நாள் தைக்கலாம்.

மிஷின் தன் வேலையைக் காட்டியது மேல் சட்டையில். அந்தக் காலத்து மேல் சட்டையில் லைனிங் தனியாகத் தொங்காது. ஒவ்வொரு துண்டுக்கும் அதே அளவில் காடாத் துணி வெட்டி, இரண்டையும் சேர்த்து நூலோட்டி, ஒரே துணியாகப் பாவித்துத் தைப்பார்கள். நம் ஜாக்கெட் தையல்காரர்களுக்கு இது பழக்கம்தான். கைக்குழி, கழுத்து, அடிவிளிம்பு மூன்றிலும் பைப்பிங். அதுவும் நமக்குப் பழக்கம், ஆனால் உள்ளே கயிறு வைத்துக் கிராஸ் பட்டியில் சுற்றிய மெல்லிய பைப்பிங். கைக்குழியில் எண்ணிப் பாருங்கள்: சட்டையில் இரண்டு துணி, கையில் இரண்டு துணி, பைப்பிங் பட்டி இரண்டு மடிப்பு, நடுவில் கயிறு. ஆறு அடுக்கும் ஒரு கயிறும். என் மோட்டார் மிஷினில் இதே மாதிரி ஒரு துண்டைத் தைத்துப் பார்த்தேன், உறுமிக்கொண்டே நின்றுவிட்டது. கை மிஷினில் சக்கரத்தை ஒவ்வொரு தையலாகச் சுற்றினேன். ஊசி இறங்குவது கையில் தெரிகிறது. கயிற்றின் ஓரத்தை ஒட்டி, நூலளவு தள்ளாமல் போக முடிந்தது. ஓரிடத்தில் அவசரப்பட்டு ஒரு ஊசியை உடைத்தேன், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. வலது கை சக்கரத்தில் இருப்பதால் துணியைப் பிடிக்க ஒரு கைதான். வளைவுகளில் முதல் வாரம் தடுமாறுவீர்கள். துணியில் நிறையக் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள் அல்லது நூலோட்டிக்கொள்ளுங்கள். பின்னோக்கித் தைக்கும் வசதி இதில் இல்லை. தையல் முடிவில் நூலை நீளமாக விட்டு வெட்டி, உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். பாபின் ஒல்லியானது என்பதால் நூல் சீக்கிரம் தீரும். உள்பாவாடை ஒன்றில் ஐந்து டக், அதாவது சுற்றிலும் ஓடும் மடிப்புத் தையல், வைத்தேன். சுற்றளவு 120 அங்குலம், ஐந்து டக்குக்கு 600 அங்குலம், 50 அடித் தையல். அதற்குள் இரண்டு தடவை பாபின் சுற்ற வேண்டியதாயிற்று. மிஷினைத் தூக்கி இடம் மாற்றுவதும் லேசில்லை, முழுக்க வார்ப்பிரும்பு.

இன்னொன்று, இது குறையில்லை, நான் கற்றுக்கொண்டது. தையல் மிஷினுக்கு எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியது 1846, ஐசக் சிங்கர் 1851. ஆக 1860இல் மிஷின் தையல் இருந்தது. ஆனால் மிஷின் வந்ததால் உடை எளிமையாகிவிடவில்லை. டக், ஃபிரில், பட்டி என்று அலங்காரம்தான் கூடியது. ஏன் என்று எனக்கு அந்த உள்பாவாடையைத் தைக்கும்போது விளங்கியது. நேராக ஓடுகிற 50 அடியை இந்த மிஷின் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுகிறது. கையால் என்றால் யார் ஐந்து டக் வைப்பார்கள்?

தரையில் வைத்துத் தைப்பதற்கு இதைப் போல் வேறு மிஷின் இல்லை. மேசை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்தில் பாயைப் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து தைத்தேன். 216 அங்குலப் பாவாடை சுற்றிலும் தரையில் பரந்து கிடக்க இடம் வேண்டும். கால் மிஷினாக இருந்திருந்தால் துணி கீழே தொங்கி மிதியில் சிக்கியிருக்கும்.

பாவாடைக்குள் வைக்கும் வளையக் கூட்டுக்கு மட்டும் நான் உண்மையான பொருளைப் போடவில்லை. எஃகுப் பட்டை வளையங்கள் 1856இல் காப்புரிமையோடு வந்தவை; எனக்குக் கிடைத்தது பிரம்பு. நாற்காலி பின்னுகிறவரிடம் வாங்கி, ஆறு வளையமாக்கி, நாடாவில் கோத்தேன். அடி வளையம் 110 அங்குலம். விழாவில் இதையும் எழுதி வைத்தேன். இந்த வளையம் வந்ததைப் பெண்கள் அன்றைக்குக் கொண்டாடியிருக்கிறார்கள், ஏனென்றால் அதற்கு முன்பு பாவாடையை விரித்துக் காட்ட ஐந்தாறு கனமான உள்பாவாடை கட்ட வேண்டியிருந்தது. வளையத்துக்குள் கால் தாராளமாக நடக்கும், காற்றும் போகும்.

கவுனைப் போட்டுக்கொள்ள என் தங்கை மகள் ஒத்துக்கொண்டாள். வெள்ளை உள்சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, அதன் மேல் கயிறு கோத்த உள்கச்சு, வளையக் கூடு, இரண்டு உள்பாவாடை, பிறகு கவுன், கழற்றி எடுத்துத் துவைக்கும்படி தனியாக வைத்த வெள்ளைக் காலரும் உள்கையும். உடுத்தி முடிக்க 40 நிமிடம். கச்சை நான் இறுக்கவே இல்லை. “பெரியம்மா, இன்னும் கொஞ்சம் இழுங்க, படத்துல இருக்கிற மாதிரி இடுப்பு வரட்டும்” என்றாள். வேண்டாம் என்றேன். கீழே 110 அங்குலம் விரிந்து நின்றால் 28 அங்குல இடுப்பு தானாகச் சிறுத்துத் தெரியும். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவளே சரி என்றாள்.

தோள் தையல் முதுகுப் பக்கம் இறங்கி, கை சேருகிற இடம் தோளுக்குக் கீழே இருப்பதால் அவளால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. அதை வந்தவர்களிடம் செய்துகாட்டச் சொன்னேன். பாடநூலில் படித்தால் பதியாது. ‘இவள் தலைக்கு மேல் எதையும் எடுக்க மாட்டாள், எடுத்துக் கொடுக்க வேறொருத்தி இருப்பாள்’ என்று அந்தக் கை சொல்லிவிடும்.

முகப்பில் பெரிய குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அதை இரண்டு ஆள் தூரம் தள்ளி வைக்கச் சொல்லி விழாக்காரர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார்கள். வளையப் பாவாடை அணிந்த பெண்ணுக்குத் தன் பாவாடை விளிம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்தக் காலத்தில் கணப்பிலும் மெழுகுவத்தியிலும் விளிம்பு பட்டு எத்தனையோ பெண்கள் எரிந்து செத்திருக்கிறார்கள். 1863 டிசம்பரில் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரத் தேவாலயத்தில் பற்றிய தீயில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். விரிந்த பாவாடைகள் தப்பிக்கவும் விடவில்லை. இதைச் சொன்ன பிறகு விளக்கு தள்ளிப் போனது.

மிஷினை வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு தூணோரம் பாய் விரித்து வைத்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சக்கரத்தைச் சுற்றினார்கள். ஆளுக்கு ஒரு துண்டுக் காடாவில் ஒரு சாண் நீளம் தைத்துக் கையோடு எடுத்துப் போகலாம் என்று சொல்லியிருந்தேன். மூன்று மணிக்குள் துணி தீர்ந்துவிட்டது. ஒரு பையன் இரண்டாம் தடவை வந்து நின்றான், அவனுக்கு என் கைக்குட்டையைக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன்.

எண்பது வயதுக்கு மேல் இருக்கும், ஓர் ஆச்சி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கவுனை விட்டுவிட்டு நேராக மிஷினிடம் வந்து, சக்கரத்தின் பிடியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

“எங்க ஆத்தாவுக்குக் கலியாணத்துல சாமான் பரப்புனப்ப இதே மாதிரி ஒண்ணு வச்சாகளாம். அப்பச்சி பினாங்குல இருந்து கொண்டாந்தது. அதுலதான் எனக்குப் பாவாடை தச்சுப் போடுவாக” என்றார்கள்.

“அந்த மிஷின் இப்ப எங்க ஆச்சி?” என்று கேட்டேன்.

“பாகம் பிரிக்கிறப்ப யாரு வீட்டுக்குப் போச்சோ” என்றார்கள்.

பிறகு என் தங்கை மகளின் பின்னால் போய், இடுப்பில் அடுக்கிய மடிப்பைக் கையால் தடவிப் பார்த்து, “இது எங்க பின்கொசுவம்ல” என்றார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. கண்டாங்கியைக் கணுக்காலுக்கு மேலே, கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டிய தலைமுறை அவர்களுடையது. துணியைப் பின்னால் குவிப்பது என்றதும் எனக்கு 1870கள், 80களின் ஆங்கில மோஸ்தர் நினைவுக்கு வந்தது. வளையம் போன பிறகு அங்கேயும் பாவாடை விரிவை எல்லாம் இடுப்புக்குப் பின்னால் தள்ளிக் குவித்துத்தான் அணிந்தார்கள். அடுத்து தைக்கப்போவது அதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அதற்கும் கண்டாங்கிதான், கடுகு மஞ்சள் எடுத்து வைத்திருக்கிறேன்.

கவுனில் நான் செய்த ஒரு பிழை இன்னும் உறுத்துகிறது. இடது தோளில் முன்துண்டின் கட்டமும் பின்துண்டின் கட்டமும் அரை அங்குலம் ஒன்றுசேரவில்லை. நல்லவேளை காலர் மறைத்தது. கட்டத் துணியில் தைக்கிறவர்கள் லைனிங்கை முதலில் வெட்டி, அதைக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டுங்கள். நான் அவசரத்தில் இரட்டையாக மடித்து வெட்டிவிட்டேன்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், தினமும் பத்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. வேகம் கிடையாது. பழைய காலத்து உடையைத் தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், நாடகக் குழுக்கள், சிறு பிள்ளைக்குத் தையல் சொல்லிக்கொடுக்க நினைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சக்கரம் தன் கையில் இருப்பதால் குழந்தைக்குப் பயம் வராது. ஓடுகிற நிலையில் ஷட்டிலோடு, பாபினோடு, நகரும் தகட்டோடு இருந்தால் 6,000 நியாயமான விலை. ஷட்டில் இல்லாவிட்டால் 2,000 கூடக் கொடுக்காதீர்கள், அதை அலமாரி மேல்தான் வைக்க வேண்டும். விலையை முடிக்கும் முன்பு தகட்டை நகர்த்திப் பார்த்துவிடுங்கள், ரசீதும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என்னிடம் இப்போது இரண்டு பாபின் இருக்கின்றன. கடுகு மஞ்சள் கவுனுக்கு மூன்றாவது வேண்டும், மேல் நூலை மாற்றும்போதெல்லாம் பாபினில் சுற்றிய நூலைப் பாதியில் பிரிக்க முடியாது. அந்தத் தெருவில் எங்கேயாவது டப்பாவில் போட்ட பழைய ஆணி, திருகுகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் சின்ன வட்டத் தகடு வைத்த ஒல்லியான கம்பி கண்ணில் பட்டால் அது பாபின்தான், விடாதீர்கள். பாய் அதற்கு 50 ரூபாய் சொல்கிறார்.